எனக்கே தெரியாத என் வரி

உங்களில் நாலைந்து பேர் இந்த மாதம் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள் என்று தெரியும். கோடைத் திருத்திப் பேட்ச் அனுப்பினால் அதில் ஒரு குறையும் சொல்லாமல், ‘இது எதற்கு? காரணத்தை எழுதி மறுபடியும் அனுப்பு’ என்று திருப்பிவிடுகிறேன். மூன்றாவது தடவை திருப்பியதும் ஒரு பிள்ளை, ‘மேடம், கோடைப் படிச்சாலே புரியுமே’ என்று பதில் போட்டிருந்தது. புரியாது கண்ணு. அது என்ன செய்கிறது என்பது புரியும், அவ்வளவுதான். ரிடையர் ஆனவளுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கேள்வியை நான் ஏன் இப்படி விடாப்பிடியாகக் கேட்கிறேன் என்பதை ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நான் சாத்தான்குளத்துக்காரி, வாத்தியார் மகள். கடலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தூத்துக்குடியில் துறைமுகத்துக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். படகில் ஏற்றினால் பத்தே நிமிஷத்தில் வாந்தி எடுப்பேன். அப்படிப்பட்டவள்தான் இந்தக் ‘கரைப்பலகை’யை எழுத ஆரம்பித்தேன். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்களின் சங்கத்துக்காக ஆரம்பித்தது, பிறகு எல்லாரும் பார்த்துத் திருத்தட்டும் என்று ஓப்பன் சோர்ஸாகத் திறந்துவிட்டோம்.

விஷயம் எளிது. ஒவ்வொரு வள்ளத்திலும் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஓர் ஆரஞ்சுப் பெட்டி. அது தான் இருக்கும் இடத்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சங்கக் கட்டடத்தில் பெரிய திரையில் வள்ளங்கள் புள்ளிகளாகத் தெரியும். பச்சை என்றால் வள்ளம் நன்றாக இருக்கிறது. சிவப்பு என்றால் பெட்டி பேசவில்லை. மூன்றாவதாகச் சாம்பல் ஒன்று உண்டு. என் கதை அந்தச் சாம்பல் நிறத்தைப் பற்றியது.

அப்போது சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊரில் பாதிப் பேர் அண்ணாச்சிதான், என்றாலும் சங்கத்துக்குள் அண்ணாச்சி என்றால் அவர் ஒருவர்தான். சின்ன வயசில் சங்கு குளித்தவர், அதில் ஒரு காது போயிற்று. கடல் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர் சொல்லுவார், அதை நான் கோடாக மாற்றுவேன். நேரில் உட்கார்ந்து பேசி, வீட்டுக்கு வந்து எழுதுவேன். ஐந்து வருஷம் அப்படி நடந்தது. பிறகு ஒரு நாள் காலையில் நெஞ்சுவலி என்றார், மத்தியானம் போய்விட்டார்.

அவர் போய் இரண்டு வருஷம் கழித்து ஓசூரிலிருந்து முரளி என்று ஒரு இன்ஜினியர் பேட்ச் அனுப்பினார். நான் நேரில் பார்த்ததே இல்லை, இப்போதும் பார்த்ததில்லை. ஒழுங்கான ஆள். ஒரு நிபந்தனையை நீக்கச் சொல்லியிருந்தார். கடலில் நிற்கும் ஒரு பெட்டி இரண்டு மணி நேரமாக மிகச் சின்ன வட்டத்துக்குள்ளேயே அசைந்துகொண்டிருந்தால், அதன் பச்சைப் புள்ளியைச் சாம்பலாக்கு என்கிற வரி அது. இதைப் பயன்படுத்துகிற மற்ற ஊர்களில், காற்றில்லாத நாளில் சும்மா நிற்கிற மீன்பிடிப் படகெல்லாம் சாம்பலாகிவிடுகிறது, பார்க்கிறவர்கள் குழம்புகிறார்கள் என்று அழகாக விளக்கியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. இந்த நிபந்தனையை முதலில் எதற்காகச் சேர்த்தீர்கள்?

யார் சேர்த்தது என்று எடுத்துப் பார்த்தேன். என் பெயர் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் பெயரில், என் கையால். மாற்றத்தோடு காரணம் எழுதி வைக்கிற கமிட் மெசேஜில் இரண்டே வார்த்தை: ‘அண்ணாச்சி சொன்னபடி’.

எனக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. உங்களுக்கு இது விளங்க இன்னும் சில வருஷம் ஆகும். என் நடையில், நான் வைக்கிற மாதிரியே பெயர்கள் வைத்து, என் பழக்கப்படி இடம் விட்டு எழுதிய வரி. ஆனால் எழுதியவளை எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்குள் யாரோ என் சேலையைக் கட்டிக்கொண்டு நடமாடிவிட்டுப் போன மாதிரி இருந்தது. பதில் தெரிந்த ஒரே ஆள் கல்லறையில் இருக்கிறார். அந்த இரண்டு வார்த்தையை மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் அண்ணாச்சி அந்தக் கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடத் தோன்றியது. பயமாக இருந்தது, திரையை மூடிவிட்டேன்.

நாலாம் நாள் முரளி, ‘நினைவிருக்கிறதா மேடம்?’ என்று மரியாதையாகக் கேட்டார். எல்லாரும் படிக்கிற பக்கம் அது. ஆரம்பித்தவளே தன் வரி தனக்குத் தெரியாது என்று சொன்னால் எப்படி? கெத்து என்று ஒன்று இருக்கிறதே. நான் இப்படி எழுதினேன்: ‘பழைய பெட்டிகளில் சிக்னல் கோளாறு இருந்தது. அதற்காகச் சேர்த்தது. புதிய பெட்டிகளுக்குத் தேவையில்லை. நீக்கலாம்.’

ஒவ்வொரு வார்த்தையும் பொய். எழுதும்போது பொய் என்றே தோன்றவில்லை என்பதுதான் விசேஷம். அப்படித்தான் இருந்திருக்கும் என்று நானே நம்பிவிட்டேன். முரளி நன்றி சொன்னார். வரி போயிற்று. சனிக்கிழமை சங்கத்துத் திரையில் புதிய பதிப்பைப் போட்டுவிட்டோம்.

அந்த வாரம் காற்று. வள்ளங்கள் கடலுக்குப் போனது செவ்வாய்க்கிழமைதான். மத்தியானம் இரண்டரை மணிக்கு லூர்து போன் செய்தான். பலகையைப் பார்த்துக்கொள்கிற சங்கத்து கிளார்க் அவன். பலகை தப்பாகக் காட்டுகிறது, வந்து பாருங்கள் என்றான். சங்கு குளிக்கிற சேவியரின் வள்ளத்துப் புள்ளி முயல் தீவுக்குத் தெற்கே பச்சையாக நிற்கிறது. ஆனால் அந்தப் பக்கமாகத் திரும்பி வந்த மூன்று வள்ளத்துக்காரர்கள் அங்கே வள்ளமே இல்லை என்கிறார்கள்.

ஆட்டோ பிடித்துப் போனேன். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லாருமே சங்கு குளிக்கிறவர்கள். முன்வரிசை நாற்காலியில் சேவியரின் மனைவி ஜெசிந்தா. பார்த்தால் முப்பது வயசு சொல்லலாம். ஒரு மணிக்குத் திரும்பி வர வேண்டியவர் வரவில்லை என்று இரண்டு மணிக்கு வந்திருக்கிறாள். புள்ளி பச்சையாக இருந்ததைப் பார்த்து, அங்கேதான் வேலை பார்க்கிறார் போல என்று சொல்லி உட்கார்ந்தவள், வந்தவர்கள் பேச்சைக் கேட்டபிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்து எல்லாவற்றையும் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பெட்டி தவறாமல் பேசுகிறது. இதோ இருக்கிறேன், இதோ இருக்கிறேன் என்று. காலை ஏழு மணியிலிருந்து ஒரே இடத்தில். கடைசியாக வந்த வள்ளத்துக்காரர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார், “அந்த எடத்துக்கு மேலதான் வந்தேன் டீச்சர். தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. அங்கன ஒரு வள்ளமும் இல்ல.” வாத்தியார் மகள் என்பதால் அங்கே சிலருக்கு நான் டீச்சர். அவர் சொன்னபோதே திரையில் மறுபடி ஒரு தடவை புள்ளி துடித்தது. வெளியே நல்ல வெயில், மீன் ஏலம் நடக்கிற சத்தம்.

நேரில் போய்ப் பார்க்க ஒரு வள்ளத்தை லூர்து அனுப்பியிருந்தான். அவ்வளவு தூரத்தில் போன் எடுக்காது. எனவே எங்களுக்குத் தெரிந்த ஒரே செய்தி அந்தப் புள்ளிதான். மூன்று மணி இருக்கும், புள்ளி அசைந்தது.

முதலில் கொஞ்சம். அடுத்த ஐந்து நிமிஷத்தில் நன்றாகவே நகர்ந்துவிட்டது. கரையைப் பார்த்து வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஜெசிந்தா எழுந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாராக. அந்தா வாராக” என்றாள். சிரித்தாள். வீட்டுக்கு போன் போட்டு சோற்றைச் சூடு பண்ணச் சொன்னாள். நானும் சிரித்தேன். புள்ளி வந்துகொண்டே இருந்தது. அதைத் தேடிப் போன வள்ளத்தின் புள்ளியும் அதோடு வந்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, துளிகூட விலகாமல் ஒரே புள்ளி போல வந்தன. இரண்டு வள்ளம் கடலில் அப்படி வரமுடியாது என்று எனக்கு அப்போதே உறைத்தது. அவளிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

அவள் கரைக்கு ஓடினாள். நாங்களும் பின்னால் போனோம். ஒரே ஒரு வள்ளம் வந்து நின்றது. இறங்கியவர் கையில் வெள்ளைத் தெர்மாகோல் மிதவை ஒன்று, அதன் அடியில் கல் கட்டிய கயிறு. மேலே பாலித்தீன் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது சேவியரின் ஆரஞ்சுப் பெட்டி. அதன் விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் அதை ஜெசிந்தாவின் காலடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மிதவையைப் பார்த்த நொடியில் ஆறு வருஷத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எனக்கு முழுசாகத் திரும்பி வந்தது. அண்ணாச்சி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. சங்கு கிடக்கிற பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே என்று யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். பலகை வந்த பிறகு எல்லாருக்கும் எல்லாருடைய இடமும் தெரிந்துபோகும் என்று பயம். அதனால் சிலர் பெட்டியை வேறு இடத்தில் மிதக்கவிட்டுவிட்டுத் தங்கள் பாருக்குப் போய்விடுவார்கள். நங்கூரம் போட்ட வள்ளம் நீண்ட கயிற்றில் சுற்றிச் சுற்றி வரும், மிதவை நின்ற இடத்திலேயே நிற்கும். “ஒளிக்குறவன் ஒளிக்கட்டும், அது அவன் பொழப்பு. ஆனா கரையில ஒரு ஆளுக்காவது சந்தேகம் வரணும்” என்றார் அண்ணாச்சி. சாம்பல் விழுந்தால் லூர்து அந்த வீட்டுக்கு போன் செய்வான். எப்போது வருவார் என்று கேட்பான். அந்த நேரத்துக்கும் சாம்பல் மாறாவிட்டால் மறுபடி போன், பிறகு ஆள் போகும். எந்தப் புள்ளி எதற்காகச் சாம்பலானது என்று லூர்துக்கே தெரியாது. சாம்பலானால் போன் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

இதை ஏன் எழுதவில்லை? அதையும் அவர்தான் கேட்டுக்கொண்டார். உலகமே படிக்கிற இடத்தில் எழுதினால் நாளைக்கு ஒருத்தனும் பெட்டியை எடுத்துப் போக மாட்டான் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்துதான் அந்த இரண்டு வார்த்தையை எழுதியிருக்கிறேன். ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டு, காரணத்தையே தொலைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாம்பல் விழவில்லை. போன் வரவில்லை. போன் வராததால், இன்றைக்குப் பெட்டியை வள்ளத்திலேயே வைத்திருக்கிறார், பச்சை உண்மையான பச்சைதான் என்று ஜெசிந்தா நம்பியிருக்கிறாள்.

சேவியரின் பார் எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவள் மாமனார் காலத்து இடம் அது. மூன்று பிள்ளைகள் அதில்தான் படிக்கின்றன. சுற்றி நின்ற பதினைந்து பேரும் அந்த இடத்தை வருஷக்கணக்காகத் தேடுகிறவர்கள். ஒருத்தரும் அவளிடம் கேட்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்கள் ‘சேவியர் எங்கன, சேவியர் எங்கன’ என்று கத்தியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“மாதா கோயில் கோபுரமும் அனல் மின் நிலையத்துல ரெண்டாவது பொகக்கூண்டும் ஒண்ணா சேரணும். அந்தக் கோட்டுலயே வெளங்கடலுக்குப் போங்க. தீவு வெளக்கு எடது கைக்கு வரும்போது நில்லுங்க. அங்கனதான் எங்க பாரு.”

ஆறு வள்ளம் ஒரே நேரத்தில் கிளம்பிற்று. நாலரை மணிக்குக் கண்டுபிடித்தார்கள். பத்தரை மணிவாக்கில் இன்ஜின் நின்றிருக்கிறது. அதோடு ஓடுகிற கம்ப்ரசரும் நின்று, குழாயில் காற்று அற்றுப்போக, அடியில் இருந்த சேவியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாக மேலே வந்திருக்கிறார். ஆழத்திலிருந்து அப்படி வந்தால் உடம்பு தாங்காது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கூட இருந்த அவர் மைத்துனன் சூசையால் இன்ஜினைக் கிளப்ப முடியவில்லை. வள்ளத்தில் அவரைப் படுக்கவைத்துத் தார்ப்பாயை மேலே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். சேவியர் அவனைத் தைரியப்படுத்திக்கொண்டே இருந்தாராம். இந்நேரம் பலகையில் சாம்பல் விழுந்திருக்கும், லூர்து அக்காவுக்கு போன் போட்டிருப்பான், ஒரு மணி தாண்டினால் கிளம்பிவிடுவார்கள், இரண்டுக்கெல்லாம் வந்துவிடுவார்கள் என்று.

உயிர் பிழைத்துவிட்டார். கால்கள் திரும்பவில்லை. இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அன்றைக்கே அந்த வரியைத் திருப்பிப் போட்டேன். காரணத்தை எழுதத்தான் மூன்று வாரம் பிடித்தது. முரளியைக் குறை சொல்ல வேண்டாம். ஒழுங்காகக் கேட்டவர் அவர், பொய் சொன்னவள் நான். மெசேஜில் எல்லாவற்றையும் எழுதினேன்: மிதவை, போன், அந்தச் செவ்வாய்க்கிழமை, என்னுடைய பொய்க் காரணம். ஆட்களின் பெயரும் பாரின் இடமும் மட்டும் இல்லை. அதைத் தாளில் பிரின்ட் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர்கள் வேண்டாம் என்றால் கிழித்துப்போடுவதாக இருந்தேன்.

சேவியர் கட்டிலில் படுத்திருந்தார். நான் வாசித்தேன். ஜெசிந்தா, “எழுதுங்கக்கா. ஒளிக்க இனிமே என்ன இருக்கு? பாரத்தான் எல்லாரும் வாரிட்டாகளே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சேவியர், அந்த ஓசூர்த் தம்பிக்கு நான் பதில் எழுதிய இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மேலே ஃபேனைப் பார்த்தபடி கேட்டார்.

“எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நீங்க எழுதியிருந்தா, அந்தத் தம்பி என்ன செஞ்சிருப்பாக?”

“அப்படியே விட்டிருப்பார்” என்றேன். “காரணம் தெரியாமல் எதையும் எடுக்கிறவர் இல்லை அவர்.”

“சரி. அதையும் சேர்த்து எழுதிருங்க” என்றார்.

அவருடைய வலது கால் கட்டிலிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. ஜெசிந்தா வந்து அதைத் தூக்கி மேலே வைத்தாள்.